பிள்ளையார் வளைவில் அடிக்காத ஹார்ன்

பார்க் ரோட்டில் ஹார்ன்கள் பேசத் தொடங்கியது பங்குனி மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை, காலை எட்டு முப்பத்தைந்துக்கு, முதலில் பேசியது ஒரு வெள்ளைக் கார். இந்த மூன்று விவரத்திலும் ஊரில் யாருக்கும் கருத்து வேறுபாடு கிடையாது, ஏனென்றால் அந்த நேரத்தில் ஊரில் பாதிப் பேர் அந்த ரோட்டில்தான் மாட்டிக்கொண்டு நின்றார்கள்.

குளத்தை ஒட்டி நாலு கிலோமீட்டர் நீளத்துக்கு வளைந்து வளைந்து போகும் ரோடு அது. கரையோரம் நடைபாதை, அதற்குக் கம்பி வேலி, ரோட்டின் நடுவில் வரிசையாகக் காகிதப்பூச் செடி, ஞாயிற்றுக்கிழமை மட்டும் பீய்ச்சும் ஒரு நீரூற்று, இவையெல்லாம் பிற்பாடு வந்தவை. இவற்றுக்கெல்லாம் முன்பிருந்தே இரண்டு பக்கமும் நின்று மேலே கைகோத்துக்கொண்டிருந்தவை தூங்குமூஞ்சி மரங்கள். சாயங்காலத்தில் வெளியூர்க்காரர்கள் வந்து அண்ணாந்து பார்த்துப் போட்டோ எடுத்துக்கொண்டு போவார்கள். காலையில் மில்லுக்கும் காலேஜுக்கும் ஆஸ்பத்திரிக்கும் கம்ப்யூட்டர் கம்பெனிக்கும் பறக்கிற உள்ளூர்க்காரன் மட்டும் முன்னால் போகிற வண்டியின் நம்பர் பிளேட்டைத் தவிர வேறு எதையும் பார்த்ததில்லை.

அன்றைக்கு சிக்னலில் பச்சை விழுந்து அரை வினாடி ஆகியும் முன்வண்டி நகரவில்லை என்பதற்காக, வெள்ளைக் காரில் இருந்த இஸ்திரிச் சட்டைக்காரர் நாமெல்லாம் செய்வதைத்தான் செய்தார், ஹார்னை அமுக்கினார். வழக்கமான சத்தத்துக்குப் பதிலாக அவருடைய குரலே, ஹார்ன் அளவு பலத்தோடு, குளத்தைத் தாண்டி அக்கரை வரைக்கும் போய் விழுந்தது. "என்ற அண்ணனுக்கு வந்த வேலைக் கடுதாசிய நாந்தேன் கிழிச்சுப் போட்டேன்!"

மனிதர் விறைத்துப்போனார். ரேடியோவோ என்னவோ என்று நினைத்து இன்னொரு தடவை அமுக்கினார். "முப்பது வருசமாச்சு, அவனுக்கு இன்னும் தெரியாது!" என்றது கார்.

அவர் வண்டியை அப்படியே நிறுத்திவிட்டு ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துக்கொண்டதால் பின்னால் நெரிசல் கூடியது. நெரிசல் கூடினால் நம் ஆட்களுக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றே ஒன்றுதான், ஆளாளுக்கு ஹார்னை அமுக்கினார்கள், அமுக்கிய ஒவ்வொருவரும் அடுத்த நொடி முகம் வெளுத்துப் போனார்கள். தண்ணி லாரி ஒன்று, குடிதண்ணீர் என்று மூணு வார்டுக்குத் தான் ஊற்றுவது இந்தக் குளத்துத் தண்ணீரைத்தான் என்று சொல்லிற்று. மகளைப் பள்ளியில் விடப் போன ஒரு தாயின் ஸ்கூட்டர், "நீ பொறக்கோணும்னு நான் நெனைக்கவே இல்ல கண்ணு" என்றது. பின்னால் உட்கார்ந்திருந்த பெண் குழந்தை அம்மாவின் இடுப்பைச் சுற்றியிருந்த கையை எடுத்துக்கொண்டதைப் பக்கத்து வண்டிக்காரர்கள் பார்த்தார்கள். நிச்சயமான ஒரு ஜோடி பைக்கில் போனது, பையன் அமுக்கியதும், "எனக்கு இந்தக் கல்யாணத்துல இஷ்டமே இல்ல" என்று கேட்டது; அந்தப் பெண் அவன் தோளுக்கு மேலாகக் கையை நீட்டி அவளே அமுக்கினாள், "எனக்குந்தேன்." இரண்டு பேரும் பக்கக் கண்ணாடியில் ஒருவரையொருவர் முதல் தடவையாக நேராகப் பார்த்துச் சிரித்தார்கள். வைகாசியில் கல்யாணம் நடக்கத்தான் செய்தது, மனப்பூர்வமாக நடந்தது.

இந்த வரிசையில் பதினோராவது வண்டியாக நின்றது பதினொன்று சி டவுன் பஸ். அதன் டிரைவர் மருதாசலம் ஐம்பத்திரண்டு வயதுக்காரர், இருபத்தைந்து வருஷமாக இதே ரோட்டில் இதே பஸ்ஸை ஓட்டுகிறவர், ஏர் ஹார்னில் அவர் கொடுக்கிற இரட்டைச் சத்தத்தைக் கேட்டே ஆட்கள் கடிகாரத்தைச் சரிபார்த்துக்கொள்வார்கள். பஸ் அப்போது பிள்ளையார் வளைவுக்குச் சற்று முன்னால் நின்றிருந்தது. பிள்ளையாருக்கு அடிக்க வேண்டிய ஹார்னுக்காக அவருடைய வலது கை கிளம்பிப் பாதி தூரம் வந்துவிட்டிருந்தது. முன்னால் இருந்த வண்டிகள் பேசியது காதில் விழுந்ததும் கை அந்தரத்தில், ஹார்னுக்கு ஒரு விரற்கடை மேலே, அப்படியே நின்றது. வெயிலே ஏறாத அந்தக் காலையில் அவருக்கு முதுகெல்லாம் வேர்த்துவிட்டது. ஏனென்றால் தன் ஹார்ன் என்ன சொல்லும் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும், அதைக் கேட்கக் கூடாத ஆள் அவருக்கு எதிர்ப்பக்கம் முதல் சீட்டில் டிபன் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அவள் பெயர் கலாமணி. கண் ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதும் வேலை, தினமும் எட்டு இருபது வண்டிக்கு வருகிறவள். மூன்று வருஷத்துக்கு முன்னால் அவள் புருஷன் பூபதி இதே வளைவில், இதே பஸ்ஸில் அடிபட்டுத்தான் செத்துப்போனான்.

அது நடந்த விதத்தைச் சொல்வதற்கு முன்னால் இந்த ரோட்டின் வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வளைவில் மரத்தடியில் ஒரு சின்னப் பிள்ளையார் கோயில் இருக்கிறது. அந்த வழியே ஓடும் டவுன் பஸ் டிரைவர்கள், எந்தச் சாமியைக் கும்பிடுகிறவர்களாக இருந்தாலும், கோயிலைத் தாண்டும்போது இரண்டு ஹார்ன் அடிப்பார்கள். கையெடுத்துக் கும்பிட்டால் ஸ்டியரிங்கை யார் பிடிப்பது? அதனால் ஹார்ன்தான் கும்பிடு. அந்த இரண்டு ஹார்னே வளைவுக்கும் எச்சரிக்கையாக ஆகிவிடும், நடைபாதைக் கேட்டிலிருந்து ரோட்டுக்கு ஏறுகிறவர்கள் அதைக் கேட்டு நின்றுகொள்வார்கள். வளைவுக்கென்று தனியாக யாரும் ஹார்ன் அடித்ததே கிடையாது.

மூன்று வருஷத்துக்கு முன்னால் அந்தக் கோயிலுக்குத் திருப்பணி நடந்தது. முறைப்படி சாமியின் சக்தியைக் கலசத்தில் இறக்கி, ரோட்டுக்கு எதிர்ப்புறம் கொட்டகை போட்டுக் கொண்டுபோய் வைத்துவிட்டு, கோயிலைப் பச்சைத் துணியால் மூடியிருந்தார்கள். மூடிய முதல் நாள் காலையில் மருதாசலத்தின் கண் வழக்கம்போலக் கோயிலுக்குப் போனது, அங்கே துணிதான் தெரிந்தது, சாமி இல்லாத இடம் என்று மனசு சொல்லிற்று, கை ஹார்னுக்குப் போகவில்லை. அவ்வளவுதான் நடந்தது. அந்த நேரம் பார்த்து பூபதி, காலை நடை முடித்து, உள்ளே நிறுத்தியிருந்த மொபெட்டில் கேட்டைத் தாண்டி ரோட்டில் ஏறினான்.

விசாரணையில், "ஹார்ன் அடிச்சியா?" என்று கேட்டார்கள். "ரெண்டு தடவ அடிச்சனுங்க" என்றார் மருதாசலம். டீக்கடைக்காரர் கேட்டதாகச் சாட்சி சொன்னார், பூக்காரம்மாவும் கேட்டதாகச் சொன்னார், அவர்கள் யாரும் பொய் சொல்லவில்லை, இருபது வருஷத்துக்கு மேலாக அந்த நேரத்தில் கேட்ட சத்தம் அன்றைக்கும் அவர்கள் காதில் தானாகவே கேட்டிருந்தது. "அப்புறம் ஏன் அந்த ஆள் நிக்கல?" என்று அடுத்த கேள்வி வந்தது. மருதாசலத்துக்கு வீடு, வேலை, படிக்கிற மகள் எல்லாம் கண் முன்னால் வந்து நின்றன. "போன் அடிச்சுதுங்க. எடுக்கறதுக்குப் பாக்கெட்டுல கைய வுட்டாருங்க, வண்டி திரும்பி ரோட்டுக்குள்ள வந்துருச்சுங்க" என்றார். போனைப் பார்த்தார்கள், அந்தக் காலை நேரத்தில் வீட்டிலிருந்து ஓர் அழைப்பு வந்து எடுக்கப்படாமல் இருந்தது. கேஸ் முடிந்தது.

இரண்டாவது பொய்தான் முதல் பொய்யைவிடப் பாவம் என்பது மருதாசலத்துக்கு ஒரு மாதம் கழித்து, கருமாதியெல்லாம் முடிந்து கலாமணி முதல் தடவை பஸ் ஏறிய அன்றுதான் உறைத்தது. அந்த முகத்தை அவரால் பார்க்க முடியவில்லை. அன்றிலிருந்து அவள் வர ஒரு நிமிஷம் தாமதமானால் பஸ்ஸை நிறுத்தி வைப்பார், முதல் சீட்டில் வேறு யாரையும் உட்கார விடமாட்டார். கண்டக்டர் சாதிக் இதைப் பார்த்து, நம்ம அண்ணனுக்கு எவ்வளவு இளகிய மனசு என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தான். கலாமணியும் அவரைக் கூடப் பிறந்தவர் மாதிரி, "அண்ணா, நல்லா இருக்கீங்களாங்?" என்று தினமும் கேட்டாள். தினமும் அந்தக் கேள்வி அவரைக் குத்தியது.

ஹார்ன்கள் பேசிய அந்தச் செவ்வாய்க்கிழமை அவர் அடிக்காமலே வளைவைத் தாண்டினார். பிள்ளையாருக்கு வாயாலேயே, "மன்னிச்சுக்க சாமி" என்றார்.

ஒரு வாரத்தில் ஊர் இந்த விஷயத்தை வழக்கமாக்கிக்கொண்டது. நம் ஊருக்குப் புதுசாக எது வந்தாலும் முதல் நாள் பயம், இரண்டாம் நாள் வேடிக்கை, மூன்றாம் நாள் வரிசை, நான்காம் நாள் முகூர்த்தம். காரணத்தை ஆராய இரண்டு பேர் கருவியோடு வந்தார்கள்; அதில் ஒருவர் வெளிநாட்டுக்காரர், தானே ஒரு ஹார்னை அமுக்கிப் பார்த்துத் தன் பாஷையில் எதையோ கேட்டுக் கேவிக்கேவி அழுதார், யாருக்கும் புரியவில்லை, ஆனாலும் டீக்கடைக்காரர் ஒரு டீ போட்டுக் கொடுத்து முதுகைத் தடவிவிட்டார். அதற்குப் பிறகு காரணத்தை யாரும் தேடவில்லை. எவ்வளவு நேரம் அமுக்குகிறோமோ அவ்வளவு நேரம் பேசும் என்று கண்டுபிடித்த பைக் ஓட்டிகள் பட்டும்படாமல் தட்டிப் பார்த்தார்கள், அப்போது எல்லா வண்டியும், "நான்... நான்... நான்..." என்று மட்டும் சொல்லிற்று. அந்த ஒரு சொல்லுக்கு மேலே போக எவனுக்கும் தைரியம் இல்லை.

பெண் வீட்டார் மாப்பிள்ளையைப் பார்க்க வந்தால் காபிக்கு முன்னால், "தம்பி, பார்க் ரோட்டுல ஒரு சுத்துப் போயிட்டு வரலாமுங்களா?" என்று கேட்டார்கள். கல்யாணமாகி முப்பது வருஷமான மனைவிமார்கள் பின்சீட்டில் உட்கார்ந்துகொண்டு, "ஒருக்கா அடிங்க பாக்கலாம்" என்றார்கள், புருஷன்மார்கள் கண்ணைக் குளத்துப் பக்கம் திருப்பிக்கொண்டார்கள். விடியற்காலையில் நடை போக வந்தவர்கள் கம்பி வேலியோரம் வெளியூர் வண்டிகளுக்காகக் காத்து உட்கார்ந்தார்கள், விவரம் தெரியாமல் அமுக்கும் லாரிகளிடமிருந்து அவர்கள் கேட்டவற்றில் சிலதை இன்றுவரை வீட்டில் சொல்லவில்லை. வெள்ளைக் கார்க்காரர் தன் அண்ணனைத் தேடிப் போனார். அண்ணன் தையல் மிஷினிலிருந்து எழுந்து, கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு, ஓங்கி ஓர் அறை விட்டுவிட்டுச் சாப்பிடச் சொன்னாராம். ஸ்கூட்டர் அம்மா மட்டும் மகளைக் கூட்டிக்கொண்டு தினமும் அதே ரோட்டில் வந்து நீளமாக அமுக்கினாள், பன்னிரண்டாம் நாள்தான் அந்தக் குரல், "ஆனா நீ பொறந்தப்ப உன்ற கையப் பாத்து நான் பைத்தியமாயிட்டேன்" என்ற இடம் வரைக்கும் வந்தது. குழந்தையின் கை திரும்ப இடுப்புக்கு வந்ததைப் பார்த்துப் போக்குவரத்துப் போலீஸ்காரர் தொப்பியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மற்ற எல்லோரும் ஹார்னைத் தொடுவதை விட்டுவிட்டார்கள். சிலர் ஒயரைப் பிடுங்கினார்கள், சிலர் பொத்தான் மேல் துணியைக் கட்டினார்கள். பத்தே நாளில் பார்க் ரோடு அமைதியாகிவிட்டது. தலையை ஆட்டி வழி கேட்டார்கள், கையைக் காட்டி வழி விட்டார்கள், வருஷக்கணக்காக வராத கூழைக்கடாப் பறவைகள் குளத்துக்குத் திரும்பி வந்தன, அலுவலகம் போகிறவன் முதல் தடவையாக மரத்தை அண்ணாந்து பார்த்தான். வார்டு கவுன்சிலர் இது தன்னுடைய ஏற்பாடு என்று பேனர் வைத்தார்.

மருதாசலத்துக்கு அந்த நாட்கள் எப்படி ஓடின என்று சொன்னால் மனசு தாங்காது. சோறு இறங்கவில்லை, சாதிக் படியில் தொங்கிக்கொண்டு தகரத்தைத் தட்டித் தட்டி வழி கேட்க, இவர் வலது கையைத் தொடைக்கடியில் வைத்து நசுக்கிக்கொண்டு இடது கையால் ஓட்டினார். "ஒருக்காகூட அடிக்காத டிரைவர்" என்று பேர் வந்துவிட்டது. மறைக்க ஒன்றுமே இல்லாத மனுஷன் எதற்காகப் பயந்து அடிக்காமல் இருக்கிறார் என்று எவனும் யோசிக்கவில்லை, ஒழுக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள். பதினேழாம் நாள் அவருக்குப் பாராட்டு விழா என்று அறிவித்தார்கள். இடம் பிள்ளையார் வளைவு. பொன்னாடை போர்த்தக் கவுன்சிலர் தேர்ந்தெடுத்த ஆள் கலாமணி.

மேடை என்று இரண்டு பெஞ்சைச் சேர்த்துப் போட்டிருந்தார்கள். கலாமணி பொன்னாடையைப் போர்த்தியபோது அவள் விரல் தோளில் பட்டது, மருதாசலம் நெருப்புப் பட்டவர் மாதிரி சுருங்கினார். அவள் கையில் மைக்கைக் கொடுத்தார்கள்.

"எனக்குப் பேசத் தெரியாதுங்க" என்றாள். "அண்ணன் அன்னிக்கும் முறைப்படிதான் வந்தாருங்க. ரெண்டு ஹார்ன் அடிச்சாருங்க. தப்பு எங்க பக்கந்தானுங்க. அண்ணன் மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்லீங்க."

எல்லோரும் கைதட்டினார்கள். மருதாசலத்துக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. பூமி பிளந்து உள்ளே இழுத்துக்கொள்ளக் கூடாதா என்றிருந்தது. வந்தவர்களுக்கெல்லாம் தயிர்சாதப் பொட்டலம் கொடுத்தார்கள். கலாமணி தன் பொட்டலத்தை அப்படியே சாதிக்கிடம் நீட்டினாள்.

"ஏனுங்கக்கா, சாப்புடலியா?"

"தயிர் தொடறதில்லைங்க தம்பி."

"எப்பருந்துங்கக்கா?"

"மூணு வருசமாச்சு" என்றாள், பையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு நடந்தாள். மருதாசலம் அதைக் கேட்டார், அப்போது அவருக்கு அது விளங்கவில்லை.

பத்தொன்பதாம் நாள், சனிக்கிழமை. விடிந்ததிலிருந்து கோடை மழை பிசுபிசுவென்று தூறிக்கொண்டிருந்தது. தூங்குமூஞ்சிக் காய்கள் ரோடு பூராவும் விழுந்து, சக்கரத்தில் நசுங்கி, கருப்பாகப் பிசின் மாதிரி வழவழத்துக் கிடந்தன. பஸ்ஸில் நிற்க இடமில்லை, சாதிக் பின்பக்கம் டிக்கெட் போட்டுக்கொண்டிருந்தான், கலாமணி முதல் சீட்டில் இருந்தாள். எட்டு முப்பத்தைந்துக்குப் பஸ் வளைவுக்குள் நுழைந்தது.

நடைபாதைக் கேட்டிலிருந்து ஓர் அம்மாள் ரோட்டில் இறங்கினார். கண் ஆபரேஷன் ஆன அம்மாள், வலது கண்ணில் பச்சைத் துணி கட்டியிருந்தது, கையில் ஒரு கூடை. பஸ் வந்த பக்கம் அவருக்கு இருட்டு. ரோட்டில் ஒரு வாரமாகச் சத்தமே இல்லாததால் சத்தமில்லை என்றால் வண்டியில்லை என்று நினைத்துக்கொண்டு நிதானமாக நடந்தார்.

மருதாசலம் பிரேக்கை மிதித்தார். சக்கரம் நின்றுவிட்டது, பஸ் நிற்கவில்லை, காய்ப் பிசினில் வழுக்கிக்கொண்டே போயிற்று. ஜன்னல் வழியாகக் கத்தினார், மழையிலும் பஸ்ஸுக்குள் எழுந்த கூச்சலிலும் அவர் குரல் அவர் காதுக்கே எட்டவில்லை. அந்த அம்மாளின் பச்சைத் துணி கண்ணாடியில் பெரிதாகிக்கொண்டே வந்தது. கோயிலை மூடியிருந்த அதே பச்சை. தொடைக்கடியிலிருந்த கை தானாக வெளியே வந்தது.

அவர் அமுக்கினார். விட்டுவிட்டு அமுக்கவில்லை, முழங்கையையும் சேர்த்து அழுத்தி அப்படியே பிடித்துக்கொண்டார்.

"அன்னிக்கு நான் ஹார்ன் அடிக்கவே இல்ல!" என்று பஸ் அலறியது. ஊரிலேயே பெரிய ஏர் ஹார்ன் அது, ரோட்டின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் மருதாசலத்தின் குரல் மரங்களுக்குக் கீழே உருண்டு போயிற்று. "புள்ளையார மூடி வெச்சிருந்தாங்க, கை போகல! பூபதி மேல தப்பே இல்ல! ரெண்டு கையும் வண்டியப் புடிச்சுட்டுதான் வந்தாரு! போன் அப்ப அடிக்கல! அவரு வுழுந்து மூச்சு நின்னதுக்கு அப்புறந்தான் போன் அடிச்சுது! அடிச்சுட்டே இருந்துச்சு!"

அந்த அம்மாள் திடுக்கிட்டுத் திரும்பி, பின்வாங்கி, கூடையோடு ரோட்டோரத்தில் உட்கார்ந்துவிட்டார். பஸ் அவருக்கு ஒரு முழம் முன்னால் நின்றது. உயிரோடு இருந்தார், முழுசாக இருந்தார். மருதாசலம் அதைப் பார்த்த பிறகுதான் கையை எடுத்தார்.

ரோட்டில் எல்லா வண்டியும் நின்றுவிட்டது. பஸ்ஸுக்குள் இருந்த அறுபது எழுபது பேரும் முன்பக்கம் எட்டிப் பார்த்தார்கள். சாதிக் டிக்கெட் புத்தகத்தைக் கையில் பிடித்தபடி வாயைத் திறந்து நின்றான். மருதாசலம் திரும்பிப் பார்க்கவில்லை, கண்ணாடியில்கூடப் பார்க்கவில்லை. முதல் சீட்டிலிருந்து யாரோ எழுந்துவரும் சத்தம் கேட்டது.

கலாமணி அவர் பக்கத்தில் வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"போன் அப்புறமாவா அடிச்சுது?"

"ஆமாங்கம்மிணி."

"நெசமாவா?"

"நான் எறங்கி ஓடியாந்தப்ப அவரு... முடிஞ்சு போயிருந்துச்சுங்க. பக்கத்துல உக்காந்து தலையத் தூக்கி மடில வெச்சேன். அப்பத்தான் சட்டப் பாக்கெட்டுல அடிச்சுது. எடுத்துப் பாத்தேன். 'வீடு'ன்னு போட்டிருந்துச்சுங்க."

அவள் கண்ணாடிக்கு வெளியே மழையைப் பார்த்துக்கொண்டே பேசினாள். குரலை உயர்த்தவில்லை. ஆனாலும் பின்சீட்டுக்காரர்களுக்கும் கேட்டது.

"அந்தப் போன் நான் பண்ணுனதுங்க. தயிர் தீந்து போச்சு, வாரப்ப ஒரு பாக்கெட் வாங்கியாங்கன்னு சொல்றதுக்கு. விசாரணைல, போன எடுக்கப் போயித்தான் செத்தாருன்னு சொன்னாங்க. அப்ப நாந்தானே கூப்புட்டேன், நாந்தானே கொன்னேன்? எங்கம்மாகிட்டச் சொல்லல. என்ற மாமியா அழுவறப்ப அவங்க மூஞ்சியப் பாக்கத் துணியல. ஒரு தயிர் பாக்கெட்டுக்காகப் புருசனக் கொன்னவளுன்னு மூணு வருசமா நானே என்னையச் சொல்லிட்டு இருந்தனுங்க. நீங்க இங்க தெனமும் முன்னால உக்காந்துட்டு, அத வேடிக்க பாத்துட்டு இருந்தீங்களா?"

இப்போதுதான் அந்தத் தயிர்சாதம் மருதாசலத்துக்கு விளங்கியது. கம்பியைப் பிடித்திருந்த அவள் கையை மட்டும் பார்த்தார். அந்தக் கை கம்பியை விட்டு ஸ்டியரிங் பக்கம் வந்தது. அறைவாள் என்று நினைத்து முகத்தைத் திருப்பிக் கொடுத்தார். அவள் அவரைத் தொடவில்லை, உள்ளங்கையை விரித்து ஹார்ன் மேல் வைத்து அழுத்தினாள்.

பஸ்ஸில் இருந்தவர்கள் பாதிப் பேர் காதைப் பொத்திக்கொண்டார்கள், இந்தப் பெண்ணின் வாயிலிருந்து இன்னும் என்ன கேட்க வேண்டியிருக்குமோ என்று. பஸ் ஒன்றும் பேசவில்லை. வெறும் ஹார்ன் சத்தம்தான் வந்தது. நீளமாக, கனமாக, பழைய பதினொன்று சி ஏர் ஹார்ன். பத்தொன்பது நாளாக அந்த ரோடு கேட்காத சத்தம் அது, குளத்திலிருந்த கூழைக்கடாக்கள் அத்தனையும் ஒரே நேரத்தில் எழும்பின. சொல்வதற்கு அவளிடம் மிச்சம் எதுவும் இல்லை. அவள் கை வலிக்கிற வரைக்கும் அழுத்திவிட்டு எடுத்தாள்.

"திங்கக்கிழம எட்டு இருவதுக்கு நான் இதே வண்டிலதான் வருவனுங்க" என்றாள். "நீங்க இருக்கக் கூடாது."

"இருக்க மாட்டனுங்க அம்மிணி."

டிபன் பையை எடுத்துக்கொண்டு இறங்கினாள். ரோட்டோரத்தில் உட்கார்ந்திருந்த அம்மாளைக் கைத்தாங்கலாகத் தூக்கி, சிதறிய சாமான்களைக் கூடையில் பொறுக்கிப் போட்டு, அவர் காணாத பக்கத்தில் தான் நின்றுகொண்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். இரண்டு பக்கத்து வண்டிகளும் அவர்கள் கடந்து முடிகிறவரைக்கும் அசையவில்லை.

மருதாசலம் சாவியைச் சாதிக் கையில் கொடுத்தார். "ஏனுங்ணா..." என்று ஆரம்பித்தவன் அதற்கு மேல் எதைக் கேட்பது என்று தெரியாமல் விட்டுவிட்டான். ஸ்டேஷனுக்கு இரண்டு கிலோமீட்டர், பார்க் ரோட்டிலேயே நேராகப் போக வேண்டும். மழையில் நடந்தார். வண்டிகளில் இருந்தவர்கள் எல்லோரும் அவரைப் பார்த்தார்கள், முந்தாநாள் அவருக்குக் கைதட்டியவர்களும் அதில் இருந்தார்கள். யாரும் ஏசவில்லை. ஏசியிருந்தால் தேவலை என்று அவருக்கு இருந்தது.

இன்ஸ்பெக்டர் அவரை உட்காரச் சொன்னார்.

"எல்லாம் இங்க வரைக்கும் கேட்டுச்சுய்யா" என்றார்.

"அப்ப எழுதிக்குங்க, சார்."

"ஹார்ன் சொன்னத நான் எப்படி எழுதறது? நீ சொல்லு."

மருதாசலம் வாயைத் திறந்தார். ஏர் ஹார்னில் ஊருக்கே கேட்க அலறிய வார்த்தைகள் வெளியே வரவில்லை. ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தார், இன்னொன்றும் குடித்தார். அவருடைய சொந்தக் குரல் எவ்வளவு சின்னது என்று அப்போதுதான் அவருக்கே தெரிந்தது. "அன்னிக்கு நான் ஹார்ன் அடிக்கலீங்க" என்று அவர் சொல்லி முடிக்கையில் மத்தியானம் ஆகிவிட்டது.

சாயங்காலம் சாதிக் அவருக்கு இட்லி வாங்கிக்கொண்டு வந்தான். பொட்டலத்தைப் பெஞ்சு மேல் வைத்தான், அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அவனுக்குக் கோபம் இருந்தது, அதை எப்படிக் காட்டுவது என்று தெரியவில்லை. கிளம்புகிறபோது வாசலில் நின்றான்.

"கலாமணியக்கா சாயங்கால டிரிப்புல நம்ம வண்டிலதான் வந்துச்சு" என்றான். "பின்னால சீட்டுல உக்காந்துக்கிச்சு. பால் பூத்துகிட்ட ஒரு நிமிசம் நிறுத்துங்கன்னு கேட்டு எறங்கிப் போச்சுங்ணா. திரும்பி ஏறறப்ப கையில ஒரு தயிர் பாக்கெட் வெச்சிருந்துச்சு."

மருதாசலம் இட்லிப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு, மூன்று வருஷத்தில் முதல் தடவையாக, சத்தம் போட்டு அழுதார்.